மதிலுக்கு வெளியே

சென்னைக்கு ஒரு மதில் இருந்தது என்று சொன்னால் பலர் ஜார்ஜ் கோட்டையை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது அது இல்லை. கோட்டைக்கு வடக்கே நம் ஜனங்கள் குடியிருந்த ஊரைக் காக்க மேற்கிலும் வடக்கிலும் நீளமாக ஒரு மதில் எழுப்பினார்கள். கிழக்கே கடல், தெற்கே கோட்டை, அதனால் அந்த இரண்டு பக்கம் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு வாசல்கள் இருந்தன, கொத்தளங்கள் இருந்தன. இன்று பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் ஒரு துண்டு மட்டும் மிச்சம். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த மதில் முழுசாகப் போய்விட்டதாக இன்றுவரை தோன்றியதில்லை. எது உள்ளே இருக்கலாம், எது வெளியே போகவேண்டும் என்று அன்றைக்கு ஒரு கோடு போட்டார்கள். ஊர் இப்போதும் பெரும்பாலும் அந்தக் கோட்டின்படிதான் நடந்துகொண்டிருக்கிறது.

கதை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தொடங்குகிறது. முதலில் நம் ஜனங்களின் அந்த ஊர், வெள்ளைக்காரர்கள் கறுப்பர் நகரம் என்று அழைத்தது, கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது, இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து 1749 வரை வைத்திருந்தார்கள். எதிரி ஒளிந்து நின்று கோட்டையைத் தாக்க வீடுகள் வசதியாக இருக்கின்றன என்று கணக்குப் போட்டு, கோட்டையை ஒட்டிய குடியிருப்புகளைப் படிப்படியாக இடித்தார்கள். அப்புறம் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்தது. கோட்டை தாக்குப்பிடித்தது, 1759 பிப்ரவரியில் முற்றுகையும் விலகியது. ஆனால் அந்த இரண்டு மாதமும் கொள்ளை போனது யார் வீடு? கோட்டைக்குள் இருந்தவர்கள் வீடு இல்லை. வெளியே இருந்த வியாபாரிகள், நெசவாளர்கள், கூலிக்காரர்கள் வீடுகள்தான், ஏனென்றால் அவர்களைக் காக்க உருப்படியான அரண் எதுவும் கிடையாது. கோட்டை பிழைத்த கதையைத்தான் நமக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், ஊர் பட்ட பாட்டை யாரும் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கடைசியில் ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு எதிரே பெரிய மைதானமாக நிலத்தை வெறுமையாக்கினார்கள். அந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்காக 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இருக்கிறது. பஸ்ஸுக்காக அங்கே நிற்கும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அந்தத் தூணுக்குத் தெற்கே இருந்த வீடுகளெல்லாம் போய், ஜனங்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று நகர்ந்து குடியேறிய ஊர்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். அந்தப் பெயர்கூட 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டிக்கொண்டபோது வைத்ததுதான்.

இதற்கு நடுவில் ஹைதர் அலி. 1767-இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறநகர்வரை வந்து கலங்கடித்துவிட்டுப் போனது. 1769-இல் ஹைதர் அலியே வந்து நின்று, கிழக்கிந்தியக் கம்பெனியை உடன்படிக்கைக்குக் கையெழுத்துப் போட வைத்தார். இனியும் சும்மா இருக்கமுடியாது என்று மதில் வேலையை முடுக்கிவிட்டார்கள். காண்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாப்புக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே பெரும் பணக்காரராகி, பிற்பாடு லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க்கின் கடுமையான பேச்சுக்கு ஆளான அதே மனிதர்தான். 1772 வாக்கில் மதில் எழுந்து நின்றது.

கட்டி முடித்ததும் கேள்வி வந்தது, செலவை யார் கொடுப்பது? உங்களைக் காக்கத்தானே கட்டினோம், நீங்களே கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் தலையில் வரி போடப் பார்த்தார்கள். ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி வரி போடக் கம்பெனிக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற சட்டச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. கடைசிவரை அந்த வரி வசூலாகவே இல்லை. ரோட்டின் பெயரில் மட்டும் தங்கிவிட்டது, வால்டாக்ஸ் ரோடு. கார்ப்பரேஷன் கணக்கில் அது வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வால்டாக்ஸ்தானே சார்?" என்று கேட்பார். இரண்டு பெயருமே வெள்ளைக்காரனுக்குப் பணியாதவர்களின் நினைவு என்பதால் எனக்கு இரண்டும் சம்மதம். கோட்டையில் பீரங்கியை வைத்துக்கொண்டிருந்த கம்பெனியிடம் "தரமாட்டோம்" என்று சொல்லி ஜெயித்த ஊர் இது. இதை நினைத்து நான் உண்மையாகவே பெருமைப்படுகிறேன்.

அந்த ரோட்டில் சென்ட்ரல் பக்கமிருந்து வடக்கே நடந்தால் மேற்கு மதிலின் ஓரமாகவே நடக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். லாரி புக்கிங் ஆபீஸ்கள், சணல் சாக்கில் தைத்த பார்சல்கள், மீன்பாடி வண்டிகள், தலைச்சுமைக்காரர்கள், வழிவிடச் சொல்லும் சத்தம். யானைகவுனி வரும். கவுனி என்றால் கோட்டை வாசல், மதிலில் இருந்த வாசல்களில் ஒன்று அது. யானைகவுனிக்குக் கிழக்கே உள்ளே போனால் சௌகார்பேட்டை. குஜராத்தி, மார்வாரி, தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒரே கடை வாசலில் கேட்கும். ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்ததும் இந்த ரோட்டில்தான். ஒரு பக்கம் மட்டும் வீடுகள் இருக்கிற தெருவுக்கு ஒற்றைவாடை என்று பெயர், மதிலோரத் தெருவுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகங்கள் நடந்த காலத்தில், விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டுக் காலையில் நேராக மூட்டை தூக்கப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்களாம், ஆயா, அதாவது என் பாட்டி, சொல்லும்.

இன்னும் வடக்கே போனால் மூலக்கொத்தளம். மதிலின் வடமேற்கு மூலையில் இருந்த கொத்தளம்தான் ஊர்ப் பெயராக நிற்கிறது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது சுடுகாடு. செத்தவர்களை மதிலுக்கு வெளியே கொண்டுபோனார்கள், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த இடத்தில் கிடப்பவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. 1939-இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போய், அங்கே நோயில் விழுந்து இறந்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் அடக்கமானார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றபோது மறுத்த பிள்ளை நடராசன். எழும்பூரில் அவர்கள் பெயரில் பெரிய மாளிகை இருக்கிறது, சரி. சமாதி இங்கே நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது என்பது எங்கள் ஏரியாப் பையன்களிலேயே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

மதிலுக்கு உள்பக்கம் ஒரு இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும், ஏழுகிணறு. கோட்டைக்குள் நல்ல தண்ணீர் இல்லை, கடலோரம் என்பதால் உப்பு. 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டப்படி இங்கே பத்துக் கிணறு வெட்டினார்கள், அதில் ஏழுதான் தேறின. ஆட்கள் ஏற்றம் இறைத்து, குழாய் வழியாகத் தண்ணீர் கோட்டைக்குப் போனது. சென்னையின் முதல் குழாய்த் தண்ணீர்த் திட்டம் என்று இதைத்தான் சொல்லவேண்டும். செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது 1872-இல், அதாவது சரியாக நூறு வருஷம் கழித்து. அந்த நூறு வருஷமும் எங்கள் மண்ணின் தண்ணீரைக் கோட்டை குடித்தது. இன்றைக்குத் தெருக்குழாயடியில் நீலம், மஞ்சள், பச்சை என்று பிளாஸ்டிக் குடங்களை வரிசை வைத்து, அடி பம்பில் மூச்சுவாங்க அடித்துக்கொண்டு, "அக்கா, ரெண்டு குடம் பிடிச்சுட்டு வுட்டுடுறேன்க்கா" என்று கெஞ்சுகிற பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏற்றக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

அதே ஏழுகிணற்றில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில்தான் வள்ளலார் வளர்ந்தார். கைக்குழந்தையாக வந்தவர் 1858 வரை, முப்பது வருஷத்துக்கும் மேல் இந்தத் தெருக்களில்தான் நடந்தார், கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். வடலூரில் அணையா அடுப்பை மூட்டியது 1867. அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே நடந்தால், மதிலைத் தாண்டியதும், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் ஒன்று அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்தது. இரண்டையும் முடிச்சுப்போட என்னிடம் எழுத்துச் சான்று கிடையாது. ஆனாலும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் வராமல் இருக்காது.

அந்தக் கஞ்சி ஊற்றிய இடம்தான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்கள் ஆயா கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதே இல்லை. "கஞ்சித்தொட்டிக்குப் போய் ஊசி போட்டுக்கினு வரேன்" என்றுதான் சொல்லும். சின்ன வயதில் அது ஏதோ கேலிப்பெயர் என்று எனக்கு எண்ணம். பிறகு படித்தபோதுதான் அதன் பின்னால் ஒரு பஞ்சமே இருப்பது தெரிந்தது. 1780-இல் ஹைதர் அலி மறுபடி படையெடுத்தார். கர்நாடகப் பகுதி முழுக்க வயல்கள் எரிந்தன, கிராமங்கள் காலியாயின. உயிர் பிழைத்தவர்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். ஊரைக் காக்க மதில் இருந்தது, வந்தவர்களுக்குப் போட ஊருக்குள் சோறு இல்லை. 1782-இல் வடக்கு மதிலுக்கு வெளியே மணியக்காரர் சத்திரம் தொடங்கியது அப்படித்தான். மதில் என்ன செய்யும் என்பதை யோசித்தால் இந்தக் காட்சிதான் எனக்கு முன்னால் வரும், உள்ளே பத்திரமாக இருக்கிற ஊர், வெளியே கையேந்தி வரிசையில் நிற்கிற ஜனங்கள்.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை, அதுதான் முக்கியம். கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் நம் ஜனங்களுக்கென்று ஒரு மருத்துவ நிலையம் நடத்த ஆரம்பித்தார், பின்னால் அதுவும் சத்திரமும் ஒன்றாகச் சேர்ந்தன. சத்திரத்து ஆஸ்பத்திரி வளர்ந்து, ராயபுரம் ஆஸ்பத்திரியாகி, 1938-இல் கவர்னர் ஸ்டான்லி பெயரில் மருத்துவக் கல்லூரியானது. மில்லிலும் பட்டறையிலும் மிஷினில் கையைக் கொடுத்தவர்கள் நிறைந்த ஊர் இது. கை அறுவைச் சிகிச்சைக்கு இந்தியாவிலேயே பெயர்பெற்ற துறையை டாக்டர் வெங்கடசாமி உருவாக்கியது இந்த ஆஸ்பத்திரியில்தான். எங்கள் தெருவில் பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒரு அண்ணனுக்குத் துண்டாகித் தொங்கிய விரலை அங்கே தைத்து ஒட்டி அனுப்பினார்கள். இன்றும் அந்த விரலால்தான் கேரம் ஆடுகிறார், ஸ்ட்ரைக்கரை அவர் சுண்டினால் காய் நேராகக் குழியில் விழும். வெளியே தள்ளிய இடத்தை இந்த ஊர் என்னவாக ஆக்கிக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஸ்டான்லிக்குப் பக்கத்திலேயே, அந்த வடக்கு மதில் மிச்சத்தின் மேல், மாடிப் பூங்கா இருக்கிறது. படியேறித்தான் போகவேண்டும், அதனால் அந்தப் பெயர். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள மதில் இது. சாயங்காலம் போனால் பரீட்சைக்குப் படிக்கிற பசங்க, ஆஸ்பத்திரியில் உறவுக்காரரைச் சேர்த்துவிட்டுக் காற்றுவாங்க வந்தவர்கள், ஓரமாக உட்கார்ந்து கதை பேசுகிற பெரியவர்கள். ஒரு நாள் பெரியவர் ஒருவரிடம், "தாத்தா, இது எந்தக் காலத்துச் சுவர்னு தெரியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுபா, எங்க நைனா காலத்துல இருந்தே இது மேலதான் காத்துவாங்குறோம்" என்றார். எனக்கு அந்தப் பதில் ரொம்பவும் பிடித்திருந்தது. ஆனால் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும், ஒழுங்கான ஒரு பலகை அங்கே வேண்டும். கீழே தெருவில் போகிறவர்களுக்கு இது வெறும் பழைய காம்பவுண்டுச் சுவர். அதே பழைய ஜெயில் ரோட்டில், ஜெயில் இருந்த வளாகத்தில் இப்போது பாரதி பெண்கள் கல்லூரி. காலையில் அந்த வாசலில் கூட்டமாக இறங்கிப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால், எங்கள் ஊரில் நடந்த மாற்றங்களிலேயே நல்ல மாற்றம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

மதிலுக்கு வெளியே வேறு என்னவெல்லாம் வந்தது? கம்பெனித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டை. பெரம்பூரில் பி அண்ட் சி மில், அங்கேதான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. தண்டையார்பேட்டையில் எண்ணெய் டேங்குகள். மணலியில் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் அனல்மின் நிலையம். கொடுங்கையூரில் குப்பைமேடு. நகரத்துக்கு வேண்டியது, ஆனால் கண்ணில் படக்கூடாதது எல்லாம் வடக்கே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோது, கையால் அதை அள்ளி எடுத்தவர்கள் அங்கத்து மீனவர்கள். வலையெல்லாம் பிசுக்கு, படகெல்லாம் கறுப்பு. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

கடலிலும் அதே கதைதான். சென்னைத் துறைமுக வேலை 1870-களில் தொடங்கியது, 1881 புயல் பாதியை அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்டினார்கள். நம் கரையோரத்தில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது, மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. வீடுகள், தெருக்கள், கோயில்கள் போயின. பாறாங்கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள், அந்த மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எனக்கு அதுவே போதும்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, தீபாவளிக்கு முன்னால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு வாருங்கள். துணி வெளுத்த பேட்டை இன்று துணி விற்கிற பேட்டை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து எல்லாம் குடும்பத்தோடு வந்து, பாவாடை தாவணிக்குப் பேரம் பேசி, பிள்ளைகளுக்குப் பலூன் வாங்கி, தோளில் கட்டைப்பையோடு நடந்துபோவார்கள். விடிகாலையில் காசிமேட்டில் ஏலச் சத்தம். ராத்திரி பீச் ஸ்டேஷன் எதிரே, அறுபதுகளில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்தபிறகு, எங்கள் வீட்டுப் பெண்கள் ராத்திரி தனியாக ஏறி வீடு வந்து சேருகிறார்கள். இதற்காக நாங்கள் எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ரயில் என்றதும் ராயபுரத்தைச் சொல்லாமல் முடிக்கமுடியாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ஓட ஆரம்பித்தது ராயபுரத்திலிருந்து, வாலாஜா ரோடுவரை. மதிலுக்கு வெளியேதான் இதுவும். சென்ட்ரல் வந்தது அதற்குப் பிறகு, 1873-இல். பம்பாயிலும் தாணாவிலும் இருந்த ஆரம்பகால ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை, அதனால் இந்தியாவில் இன்னும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் பழமையானது எங்கள் ராயபுரம்தான். முன்னால் வரிசையாக உயர்ந்த தூண்கள், உள்ளே அகலமான கூடம். பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்ததை 2005-இல் சீர்செய்தார்கள். இப்போது அங்கே நிற்பது புறநகர் ரயில்கள்தான். இதை நகரத்தின் மூன்றாவது முனையமாக்குங்கள் என்று வடசென்னைக்காரர்கள் வெகுகாலம் கேட்டார்கள், மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போனது. ஊருக்குப் போகவேண்டுமென்றால் திருவொற்றியூர்க்காரர் இன்றும் மூட்டை முடிச்சோடு எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ போய்த்தான் ஏறவேண்டும். ராயபுரத்திலிருந்து மறுபடி ஒரு வெளியூர் ரயில் புறப்படவேண்டும் என்பது என் ஆசை. வாலாஜா ரோடுவரை போனாலும் போதும், முதல் ஆளாக நான் டிக்கெட் எடுப்பேன்.